மாசிலாமணியின் பனியன்

என் பெயர் ஏகாம்பரம். முகம் உங்களுக்குத் தெரியாது, குரல் தெரியும். வேற்றுமொழிப் படம் எதையாவது தமிழில் பார்த்திருந்தால், "அவனை உயிரோட பிடிங்கடா!" என்று ஒரு இன்ஸ்பெக்டர் கத்தியிருப்பாரே, அது நான்தான். வருஷக்கணக்காக இன்ஸ்பெக்டர், வில்லனின் வலதுகை, கதாநாயகியின் சித்தப்பா. கதாநாயகனுக்குப் பேச என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அது அவர்கள் தலையெழுத்து.

டப்பிங்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. அசைகிற வாய் சும்மா இருந்தால் தாங்காது. கல்யாண வீட்டில் தூரத்துப் பந்தியில் யாராவது பேசிக்கொண்டிருந்தால்கூட மனசுக்குள் வசனம் போட்டுக்கொண்டிருப்பேன். இன்னொரு வியாதி இதைவிட மோசம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் முதுகு வசனம். நடிகர் காமிராவுக்கு முதுகைக் காட்டிவிட்டால் எங்களுக்குத் திருவிழா. வாய்தான் தெரியவில்லையே, என்ன வேண்டுமானாலும் பேசலாம். கதையில் எங்கே ஓட்டை இருந்தாலும் அந்த முதுகில் ஒரு வசனத்தை ஒட்டி அடைத்துவிடுவோம். "அண்ணன் துபாய் போயிட்டான்" என்று முதுகு சொல்லிவிட்டால் தீர்ந்தது, அதற்கப்புறம் அண்ணன் ஏன் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

இந்த இரண்டு வியாதியோடுதான் நூருல்லாவின் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

நூருல்லா சாலிகிராமத்தில் சவுண்ட் என்ஜினியர். படம் பிடிக்கப்பட்ட காலத்தில் ஒலியே பதிவாகாத ஊமைச் சுருளிலிருந்து, அன்றைக்கு அங்கே பேசிய பேச்சை மீட்டெடுக்கிற இயந்திரம் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். அதற்கு 'காது' என்று பெயர். அது எடுத்துத் தருகிற பேச்சு கம்பளிக்குள் இருந்து வருவதுபோல மொத்தையாக இருக்கும். நான் படத்தில் வாயசைவைப் பார்த்து, அந்த மொத்தைச் சத்தத்தையும் கேட்டு, இன்ன வார்த்தை என்று சொல்ல வேண்டும். பிறகு காது அதைத் துலக்கி, பேசினவரின் குரலிலேயே திருப்பித் தரும்.

செய்தி பரவியதும் ஜனங்கள் பழைய வீட்டுப் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தாத்தா கல்யாணத்து ஊமைப்படத்தில் தாலி கட்டும் நேரத்தில் பின்னால் நின்ற பெரிய மாமா, "பொண்ணு கொஞ்சம் கறுப்புதான், எடம் நல்ல எடம்" என்று சொன்னதைக் கேட்டு, இரண்டு குடும்பம் எங்கள் ஸ்டுடியோ வாசலிலேயே சண்டை போட்டது. அன்றைக்கே நூருல்லா ஒரு போர்டு எழுதி மாட்டினார்: 'கேட்ட பிறகு எங்களைத் திட்டக் கூடாது.'

பிறகுதான் பெரிய வேலை வந்தது. வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்று, இரண்டாம் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களைப் பிடித்த சுருள்களை அனுப்பியது. பெரிய கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். பொறுப்பாளர் கீர்த்திவாசன் என்று ஒருவர், நம் ஊர்க்காரர்தான், அங்கே போய் செட்டில் ஆனவர். நல்ல மனிதர். என்ன, எல்லாவற்றிலும் வீரம் வேண்டும் அவருக்கு.

முதல் சுருள் இத்தாலியில் எடுத்தது. கடலோரத்தில் எந்தக் காலத்திலோ கிரேக்கர்கள் கட்டிய கோயில். கூரை போய்விட்டது, ஆளுயரத்துக்கு ஆறு மடங்கு தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. தூணுக்குத் தூண் கயிறு கட்டி நம் பையன்கள் துணி காயப் போட்டிருக்கிறார்கள். 'பழைய உலகின் அதிசயங்களை வியந்து நோக்கும் இந்திய வீரர்கள்' என்று சுருளின் தலைப்பில் எழுதியிருந்தது. காதைப் போட்டோம். எண்பது வருஷத்துக்கு மேல் ஊமையாகக் கிடந்த அந்தக் கோயிலில் கேட்ட முதல் குரல் இது:

"டேய்! என் பனியனை எவன்டா எடுத்தான்? தோள்பட்டையில ஒட்டுப் போட்ட பனியன்டா!"

"பள்ளிகொண்டா சாலமோனைக் கேளு மாசி. அவன்தான் இன்னிக்குப் புது மாப்ள மாதிரி சுத்தறான்."

கீர்த்திவாசன் ஃபோனில் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "ஏகாம்பரம் சார், கோயிலைப் பத்தி ஒரு வார்த்தைகூடவா பேசல?"

"பேசறாங்க சார். கூரை போடாமலே காசை வாங்கிக்கினு போன மேஸ்திரி எவன்னு ஒருத்தர் கேக்கறாரு."

பள்ளிகொண்டா சாலமோனின் குடும்பத்தைத் தேடிப் பத்திரிகையில் நாலு வரி போட்டோம். வெள்ளிக்கிழமை காலை ஸ்டுடியோ வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கூரை மேல் மஞ்சள் பலகை: 'அற்புதம் டிரைவிங் ஸ்கூல், குடியாத்தம். பெண்களுக்குத் தனிக் கவனம்.' ஓட்டிவந்தது நடுவயசுப் பெண்மணி ஒருவர். அவர் முகம் வெளுத்திருந்தது. பக்கத்து ஸீட்டில், காலடியில் தனி பிரேக் வைத்துக்கொண்டு, எண்பத்திரண்டு வயசு அற்புதம்மாள்.

"போரூர்ல சிக்னல் மஞ்சள்ல போறாப்பா இந்தம்மா! நான் மிதிக்கலன்னா இன்னிக்கு நம்ப ரெண்டு பேர் போட்டோவும்தான் பேப்பர்ல வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். "சாலமோன் எங்க நைனா. எங்க கீறாரு, காட்டு."

உட்கார வைத்தோம். நூருல்லா இயந்திரத்தை விளக்க ஆரம்பித்தார்.

"அம்மா, நாம பேசினா காத்து அசையும். காத்து அசைஞ்சா பக்கத்துல தொங்கற துணி, இலை, காகிதம் எல்லாம் துளித்துளியா நடுங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஃபிலிம்ல இருக்கும். அந்த நடுக்கத்தைப் பிடிச்சு மறுபடி பேச்சாக்கிடுவோம்."

"அப்ப துணி தொங்கலன்னா?"

"செவிடுதாம்மா. லேசான சாமான் ஏதாவது பக்கத்துல இருந்தாகணும்."

"அன்னிக்கு அவங்க துணி தோய்ச்சது நம்ப அதிர்ஷ்டம்னு சொல்லு."

படத்தைப் போட்டோம். தூணுக்குப் பின்னாலிருந்து சாலமோன் வருகிறார். ஒல்லியான உடம்பு, பெரிய சிரிப்பு, தோளில் ஒட்டுப் போட்ட பனியன். அற்புதம்மாள் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். அவர் வயிற்றில் இருக்கும்போதே கப்பல் ஏறின அப்பா. குரல் எப்படி இருக்கும் என்று சொல்லக்கூட ஊரில் ஆளில்லை. அந்த அப்பா வாயைத் திறந்து மகள் காதில் விழச் சொன்ன முதல் வார்த்தை:

"எவனுதா இருந்தா இன்னாடா ஆம்பூரு மாசி? எனக்குச் சரியா கீது."

அற்புதம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினேன். பார்த்தால் சிரிப்பு. சிரித்துச் சிரித்து, கடைசியில் அதுவே அழுகையாகிவிட்டது.

"இன்னொருதபா போடுப்பா." போட்டோம். "இன்னொருதபா." எத்தனை தபா போட்டோம் என்று கணக்கில்லை. அப்புறம் சட்டென்று முகம் மாறி, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்ப்பா, அடுத்தவன் பனியனை எடுக்கற ஆளு லாரியையும் எடுத்திருப்பாரா?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். சாலமோன் பட்டாளத்தில் லாரி டிரைவர். அவரைப் பற்றிக் குடும்பத்துக்கு வந்த ஒரே சேதி, சாமான் லாரியோடு ஓடிப்போய்விட்டான் என்பதுதான். அதற்கப்புறம் உதவி இல்லை, மரியாதை இல்லை. 'லாரித் திருடன் பொண்டாட்டி' என்று அம்மாவுக்குப் பெயர். கோயில் திருவிழாவுக்குக்கூட அந்த அம்மா பின்வரிசையில்தான் உட்காருவாராம். 'லாரித் திருடன் மக' என்ற பெயரோடு வளர்ந்த இவர், அந்தக் கோபத்திலேயே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, அந்த ஜில்லாவில் பாதிப் பெண்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

"எங்கம்மா சாகறவரைக்கும் நைனா திருடல, திருடலன்னு சொல்லிகினே செத்துச்சு. நானும் சொல்லிகினுதான் கீறேன். ஆனா எனக்கு இன்னாப்பா தெரியும்? நான் பாத்தேனா? அது எனக்குத் தெரிஞ்சாவணும்."

இரண்டாவது சுருள் சில மாதம் கழித்து எடுத்தது. மலைமேல் ஒரு ஊர். ஊர் என்று சொல்கிறேன், மிச்சம் இருந்தது பாதிச் சுவர்களும் படிக்கட்டுகளும்தான். மாடிப்படி ஒன்று நேராக ஆகாயத்துக்குப் போய் நின்றுவிட்டது. குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின தெருவின் நடுவில் தார்ப்பாய் போட்ட ஒரு பட்டாளத்து லாரி. பாத்திரங்களோடு ஜனங்கள் வரிசை கட்டியிருக்கிறார்கள். லாரிக்குப் பின்னால் நின்று மாவு அளந்து போடுகிறவர் சாலமோன். அவர் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு வாண்டு குறுக்கே நெடுக்கே திரிகிறது.

ஓரத்தில் நின்ற ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கி வருகிறார். படம் பிடிக்கிற வெள்ளைக்காரருக்கு ஜீப் ஓட்டி வந்தவர் வேறு யாரும் இல்லை, பனியனைத் தொலைத்த ஆம்பூர் மாசிலாமணிதான். காமிராக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறார். தார்ப்பாய் அருமையாக நடுங்கியது. ஒரு எழுத்து விடாமல் எடுத்தோம்.

"டேய் சாலமோன்! உயிரோட கீறியாடா! முகாம்ல நீ லாரியோட ஓடிட்டன்னு எழுதிட்டாங்கடா!"

"ஓடல மாசி. நான் மேல ஏறி வந்தேன், பின்னாலயே குண்டு போட்டுப் பாலத்தைத் தூக்கிட்டான். இத்தினி நாளா மாட்டிகினு கீறேன். வண்டி நிறைய மாவு, பால் டப்பா. சுத்தி ஜனம் பசியில கெடக்குது. அளந்து போட்டேன். வேற இன்னா பண்ணச் சொல்ற?"

அற்புதம்மாள் கையைத் தட்டினார். "திருடல! பாத்தியா, திருடல!" ஸ்டுடியோவில் எல்லாரும் தட்டினோம். காரை ஓட்டிவந்த அம்மாளும் தட்டினார். படம் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பதான் பாலம் போட்டுட்டாங்களே. வாடா, வண்டியை எடு. தொரைகிட்ட நான் பேசறேன். இப்ப வந்தா ரெண்டு திட்டோட போவும். வரலன்னா நெசமாவே ஓடினவன் ஆயிடுவ."

அப்போது பார்த்து ரெண்டு பேர் தார்ப்பாயை அவிழ்த்து மடித்துவிட்டார்கள். சாலமோன் காமிராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். தோள் அசைகிறது, கை மலைக்குக் கீழே எங்கேயோ காட்டுகிறது, நிறையப் பேசுகிறார். ஒரு சத்தமும் இல்லை. மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். சாலமோன் லாரியில் ஏறுகிறார். சுருள் முடிந்தது.

கீர்த்திவாசன் அப்போது சென்னைக்கே வந்திருந்தார். சேதி கேட்டு ஓடி வந்து படத்தைப் பார்த்துவிட்டுக் குதித்தார். "குண்டு விழுந்த ஊருக்குச் சோறு போட்ட சிப்பாய்! இதைவிட என்ன வேணும்? கண்காட்சியோட நுழைவாசல்லயே வைக்கிறேன், பேரோட!" பிறகு தயங்கினார். "ஒரே ஒரு சிக்கல். அவர் படைக்குத் திரும்பறேன்னு சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா, வர்ற வழியில ஏதோ ஆயிடுச்சு, கடமையில இறந்தார்னு எழுதலாம். வரமாட்டேன்னு சொல்லியிருந்தா தப்பியோடினவர். தப்பியோடினவரை அந்தச் சுவர்ல வைக்க என்னால முடியாது, விதி அப்படி." என்னைப் பார்த்தார். "ஏகாம்பரம் சார், முதுகுதானே தெரியுது?"

எனக்குக் கை பரபரத்தது. பொய் சொல்லவில்லை, சுருள் முடிந்த நிமிஷத்திலிருந்தே வசனம் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. நூருல்லா வேண்டாம் என்று தலையாட்டினார். நான் அதற்குள் மைக் முன்னால் போய்விட்டேன்.

"நீ முன்னால போ மாசி. மிச்ச மாவை எறக்கிட்டு, வண்டியைக் கொண்டாந்து நானே ஒப்படைக்கிறேன். பட்டாளத்தான் சொன்னா சொன்னதுதான்."

காது அதைச் சாலமோனின் குரலில் திருப்பித் தந்தது. தோள் அசைவில் உட்கார்ந்தது, கை காட்டுகிற இடத்தில் உட்கார்ந்தது. என் தொழிலில் அப்படி ஒரு முதுகு வசனம் அமைந்ததில்லை. கீர்த்திவாசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அற்புதம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறுபடி போடு" என்றார். கேட்டார். "மறுபடி." கேட்டார். அவர் கண்ணில் ஆசை தெரிந்தது. யாருக்குத்தான் இருக்காது? வெளிநாட்டில் வாசலிலேயே படம், பெயர், பின்வரிசையில் உட்கார்ந்து செத்த அம்மாவுக்கு ஒரு பதில்.

"இதை நைனா சொன்னாராப்பா?"

நான் வாயைத் திறந்தேன். நூருல்லா முந்திக்கொண்டார். "இல்லம்மா. ஏகாம்பரம் சார் சொன்னாரு. குரல் மட்டும்தான் உங்கப்பாவோடது."

"நல்லாத்தான் சொல்லியிருக்க நீ" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கோபமே இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. "ஆனா வேணாம்ப்பா. இத்தினி வயசு வரைக்கும் காத்துகினு இருந்தது நைனா இன்னா சொன்னாருன்னு கேக்க. உன் வார்த்தைன்னா நான் ஊட்லயே உக்காந்து டிவியில கேட்டிருப்பேனே, போரூர் சிக்னலைத் தாண்டி எதுக்கு வரணும்?"

"அம்மா, யோசிங்க," என்றார் கீர்த்திவாசன். "உண்மை உங்களுக்குப் பிடிக்காததா இருந்துட்டா?"

"இருக்கட்டும். ஓடிட்டேன்னு அவர் வாயாலயே சொல்லட்டும், காதுல வாங்கிக்கறேன். அவர் சொல்லாத வார்த்தையை எங்கம்மாகிட்ட போயி எந்த மூஞ்சியோட சொல்லுவேன்?"

நான் போய் அந்த வசனத்தை அழித்தேன். ஒரு நல்ல வசனத்தை என் கையாலேயே அழித்தது அதுதான் முதல் தடவை. டீ வந்தது. படம் கடைசிக் காட்சியில் அப்படியே நின்றிருந்தது. சாலமோன் முதுகு, பக்கத்தில் லாரியின் கதவு. டீயை உறிஞ்சிக்கொண்டே அதைப் பார்த்த அற்புதம்மாளுக்குத் திடீரென்று கோபம் வந்துவிட்டது.

"இது இன்னாப்பா இது, மிரர்ல துணியைத் தொங்க வுட்டிருக்காரு? பின்னால வர்ற வண்டி எப்படித் தெரியும்? என் ஸ்கூல்ல எவளாவது கைக்குட்டை மாட்டினாக்கூடக் கையிலயே ஒண்ணு வெப்பேன்!"

நூருல்லாவின் டீ டம்ளர் கீழே விழுந்தது. துடைக்கக்கூடக் குனியவில்லை, திரைக்குப் பக்கத்தில் ஓடினார். நாங்கள் எல்லாரும் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். லாரிக் கதவின் கண்ணாடியில், சாலமோனின் முகத்துக்கு நேர் எதிரே, ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்தது ஒரு வெள்ளைத் துணி. தோள்பட்டையில் ஒட்டு.

"பனியன்!" என்று கத்தினார் நூருல்லா. "மாசிலாமணி பனியன்! அவர் வாய்க்கு எதிர்லயே ஆடுது!"

ஈரத்துணியிலிருந்து எடுப்பது லேசில்லையாம். மறுநாள்தான் ஆகும் என்றார். அற்புதம்மாள் அன்றைக்கு எங்கள் வீட்டில் தங்கினார். மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, என் மனைவிக்கு நாற்காலியில் உட்கார வைத்தே கியர் போடக் கற்றுக்கொடுத்தார். நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் மத்தியானம் மறுபடி உட்கார்ந்தோம். மொத்தையான குரல். வாய் தெரியாது, எனக்குக் கைகொடுக்க உதடு இல்லை. ஆனால் இந்தத் தடவை நான் எதையும் நிரப்பவில்லை. புரியாத இடத்தில் 'புரியல' என்று சொன்னேன், நூருல்லா திரும்பத் திரும்பத் துலக்கினார். சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு வார்த்தையும் தானாகவே வெளியே வந்துவிட்டது.

"நான் வரல மாசி. பட்டாளம் போதும்டா. இந்தக் கெழங்கட்டைங்களையும் புள்ளைங்களையும் கீழ எறக்கி வுட்டுட்டு, வண்டியை நம்ப ஆளுங்க கண்ல படற எடத்துல நிறுத்திடறேன். அது சர்க்காரு வண்டி, எனக்கெதுக்கு? நான் அப்படியே துறைமுகத்துக்குப் போறேன். கப்பல்ல கரி அள்ளிப் போட்டாவது ஊரு போய்ச் சேந்துடுவேன். ஊட்ல பொண்ணு பொறந்து கீதுடா. நடக்குதாம். நான் ஒருதபா பாக்கல. இந்தப் புள்ளைங்க கையை நீட்டும்போதெல்லாம் அதுதான் ஞாபகம். நீ என்னைப் பாக்கவே இல்லன்னு சொல்லிடு."

கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சாலமோனின் குரல்:

"இந்தா, உன் பனியன் காயுது, எடுத்துக்கினு போ. நான் திருடினது இது ஒண்ணுதான்."

அதற்கு மாசிலாமணி, முகத்தைத் துடைத்துக்கொண்டே:

"வெச்சிக்கடா. ஊருக்கு வந்து குடு."

அவ்வளவுதான். லாரிக் கதவு சாத்துகிற சத்தத்தையும் பனியன் வாங்கி வைத்திருந்தது.

கீர்த்திவாசன் தரையைப் பார்த்தார். நூருல்லா என்னைப் பார்த்தார். ஓடினவர் என்பது அவர் வாயாலேயே முடிவாகிவிட்டது. அற்புதம்மாள் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப ஓடினாருதான், இல்ல?"

"ஆமாம்மா," என்றேன்.

"எங்க ஓடினாரு?"

நான் நூருல்லாவைப் பார்த்தேன்.

"கேக்கறேன் இல்ல, எங்க ஓடினாரு? எங்க ஊட்டுக்குத்தானே ஓடியாந்தாரு! என்னைப் பாக்கத்தானேய்யா ஓடியாந்தாரு!" எழுந்துவிட்டார். முகமெல்லாம் கண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "ஊரே ஓடிட்டான் ஓடிட்டான்னு சொன்னப்ப நான் வெக்கப்பட்டேனே! அவர் எங்கிட்டதான் வந்துகினு இருந்தாருன்னு ஒருத்தனும் சொல்லலையே!"

காரை ஓட்டி வந்த அம்மாள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். சாலமோன் வழியில் என்ன ஆனார், எந்தத் துறைமுகத்தோடு நின்றுபோனார் என்று எந்தச் சுருளும் சொல்லவில்லை. வந்து சேரவில்லை, அது மட்டும் தெரியும்.

கீர்த்திவாசன் கைகூப்பினார். "அம்மா, சுவர்ல வைக்க என்னால முடியாது. மன்னிச்சிடுங்க."

"உன் சுவரு, உன் இஷ்டம். நைனா என்னுது. அந்தப் படத்துக்கு ஒரு காப்பி மட்டும் குடு."

கொடுத்தார். இன்னொன்றும் செய்தார்: முதல் சுருளை, கோயிலும் பனியன் சண்டையுமாக, ஒரு வார்த்தை மாற்றாமல் கண்காட்சியில் ஓடவிட்டார். தலைப்பில் வீரமும் இல்லை, வியப்பும் இல்லை. 'துணி காயப் போடும் சிப்பாய்கள்' என்று மட்டும் எழுதினார். கூட்டம் அதன் முன்னால்தான் நிற்கிறதாம். பாஷை தெரியாதவர்கள்கூட, கீழே ஓடுகிற மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்களாம்.

அடுத்த வாரம் அற்புதம்மாள் ஃபோன் பண்ணினார். "ஏகாம்பரம், ஞாயித்துக்கிழமை வேலை இல்லன்னா வா. ஆம்பூர் போறோம். மாசிலாமணி ஊடு கண்டுபிடிச்சிட்டேன்."

"எப்படிம்மா?"

"ஆம்பூர்ல எந்தத் தெருவுலப்பா என்கிட்ட வண்டி கத்துக்கினவ இல்ல?"

போனேன். வழியில் வேலூர் பஜாரில் இறங்கி ஒரு கடையில் பனியன் எடுத்தார். கடைக்காரர் சைஸ் கேட்டார். "ஒல்லியான ஆளு, ஆனா கோவக்காரரு" என்றார் அற்புதம்மாள்.

ஆம்பூரில் மாசிலாமணியின் மகன் வீடு, நீல வர்ணம் அடித்த சின்ன வீடு. மாசிலாமணி காலமாகிப் பல வருஷம். கதவைத் திறந்தது மருமகள், அவருக்கே அறுபதுக்கு மேல் இருக்கும். கையில் கரண்டி. உள்ளேயிருந்து பிரியாணி வாசனை. டிரைவிங் ஸ்கூல் காரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருங்க நீங்க? லைசென்ஸ் விஷயமா?"

அற்புதம்மாள் பொட்டலத்தை நீட்டினார். "பள்ளிகொண்டா சாலமோன் பொண்ணுமா நான். பனியன் குடுக்க வந்தேன்."

அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குப் பயமாகிவிட்டது.

"எங்க மாமனாரு," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "சாகற வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு. சாலமோன்னு ஒருத்தன் வருவான், என் பனியனைக் குடுப்பான், அவனுக்குச் சோறு போடாம அனுப்பாதீங்கன்னு. உங்க ஊர்ப் பக்கமே போவ மாட்டாரு. போனா 'எங்கடா எங்க ஆளு'ன்னு கேப்பாங்க, இன்னா சொல்றதுன்னு. நாங்க நம்பலம்மா. கெழவரு உளறுதுன்னு நெனச்சோம். எங்க ஊட்ல நடக்காத காரியத்துக்கே அதுதான் பேச்சு. கடன் எப்பங்க அடையும்னா, 'சாலமோன் பனியன் கொண்டாரப்போ.' பையனுக்கு எப்பங்க வேலை கெடைக்கும்னா, 'சாலமோன் பனியன் கொண்டாரப்போ...'"

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"ஏங்க! சாலமோன் வந்துட்டாருங்க!"

உள்ளேயிருந்து ஒரு கிழட்டு ஆண்குரல், "சமைக்கற நேரத்துல இன்னாடி நக்கலு? வந்து சோத்தைப் பாரு!" என்று கத்தியது. ஆனால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் நடந்துதான் வந்தார். அப்புறம் பாதி வழியில் நடை வேகமாகி, எழுபது தாண்டிய மனுஷன் வாசலுக்கு ஓடியே வந்துவிட்டார்.

பொட்டலத்தைப் பிரித்தார். பனியனை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அவர் உடம்புக்கு அது பாதிகூடக் காணாது.

"சரியா கீது," என்றார்.